நாலு சக்கரத்துக்கும் விளக்கெண்ணெய்

"சத்தம் நின்னுடுச்சா? எப்பிடிம்மா?" என்று அமீர் பாட்சா கேட்டபோது அம்சாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அமீர் பாட்சா விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். ஒரு லாரி வேலையாகத் திண்டிவனம் வந்தவர், வந்ததோடு வந்தது, அம்சாவின் புருஷன் நடராசனுடைய காரின் பிரேக்கையும் ஒரு கண் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். கார் இல்லை. நடராசன் மகள் அம்மணியை ஏற்றிக்கொண்டு விழுப்புரத்துக்குக் கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாது என்று அம்சா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்த கையோடு, இனிமேல் பிரேக் சத்தத்துக்காக அவர் மெனக்கெட வேண்டியதில்லை என்றும் சொன்னாள்.

நாலு மாதமாக இத்தனை பெரிய மெக்கானிக்கால் முடியாததைத் தான் ஒரே விடியற்காலையில் முடித்துவிட்ட பெருமை அவளுக்கு.

"நான்தான் பாய் நிறுத்துனேன்."

"நீங்களா? என்னாம்மா பண்ணீங்க?"

"எண்ண வுட்டேன். நாலு சக்கரத்துக்கும். நல்ல சுத்தமான வெளக்கெண்ண."

அமீர் பாட்சா சொம்பை வாயிலிருந்து எடுத்தார். மோர் தாடியில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. சபாஷ் என்று சொல்லப் போகிறார் என்றுதான் அம்சா அந்த நிமிஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வுட்டீங்க? அச்சுலயா? அச்சுலன்னு சொல்லுங்கம்மா."

"அச்சுல எதுக்கு? சத்தம் சக்கரத்து டிரம்லேருந்துதான வருது. நீங்க பின்னாடி தகட்டுல ஸ்குரு டிரைவர் வுட்டுத் திருப்புவீங்களே, அந்த ஓட்டை வழியா வுட்டேன்."

"யா அல்லா" என்றார் அமீர் பாட்சா. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் காரின் கதையைச் சொல்லாமல் விட்டால் அம்சாவை முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். அவள் முட்டாள் இல்லை. அன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப்பேர் அவள் இடத்தில் இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பார்கள்.

நடராசனுக்குப் பிரம்மதேசம் போகிற வழியில் பம்புசெட்டோடு ஆறு காணி நிலம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போட்டு எடுக்கிற பொறுமையான சம்சாரி. ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் ஆள் மாறிவிடுவார். புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் போன ஒரு பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போன ஃபோர்டு வி-எட்டை வாங்கி, அமீர் பாட்சாவிடம் கொடுத்து எஞ்சினைக் கடைந்து, கார்புரேட்டரை ஒன்றுக்கு இரண்டாக மாட்டிப் பறக்கவிட்டார். பறந்ததை நிறுத்துவது எப்படி என்று யோசிக்கவில்லை. பிரேக்கு பழைய கம்பி பிரேக்குதான். ஐப்பசி மாதம் மயிலம் ரோட்டில் ஓர் ஆட்டு மந்தையின் நட்டநடுவில் போய்த்தான் கார் நின்றது. "இதுக்கு நல்ல பிரேக்கு போட்டாத்தான் நானும் எம்பொண்ணும் ஏறுவோம்" என்று அம்சா இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு மைல் நடந்தாள். நடராசன் முதல் கியரில் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்தார்.

அப்படி வந்ததுதான் இந்த ஆயில் பிரேக். கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாய் ஓட்டி, காலால் மிதித்தால் குழாய்க்குள் எண்ணெய் தள்ளிப் பிரேக்கைப் பிடிக்க வைக்கிற ஏற்பாடு. அமீர் பாட்சா அதோடு விடவில்லை. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற லைனிங் பட்டை சாதாரணமானதாக இருந்தால் இந்த எஞ்சினின் வேகத்துக்குத் தாங்காது என்று மெட்ராஸ் போய், சோழவரம் பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் போடுகிற கெட்டி லைனிங்கை வாங்கி வந்து மாட்டினார்.

"சூடேறுற வரைக்கும் கத்தும்மா. கத்துனா கத்தட்டும். மாசத்துக்கு ஒருதரம் நான் வந்து டிரம்மைக் கழட்டி, தூசி தட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சிட்டுப் போறேன்" என்றார். சொன்ன மாதிரியே வந்தார். வரும்போதெல்லாம் அம்சா பக்கத்தில் நின்று ஒன்று விடாமல் பார்த்தாள். பானெட்டுக்குள்ளே இருக்கிற சின்ன டப்பாவைத் திறந்து எண்ணெய் அளவையும் அவளுக்குக் காட்டுவார். ஒருநாள் அவள் குனிந்து மோந்து பார்த்தாள். விளக்கெண்ணெய் வாசனை!

"ஆமாம்மா, வெளக்கெண்ண கலந்துதான் செய்யறாங்க. இந்தப் பிரேக்குக்கு உசுரே இந்த எண்ணதான்" என்றார் பாய். அது அவள் மனசில் அப்படியே தங்கிவிட்டது.

கத்தட்டும் என்று சொல்லிவிட்டுப் போவது அவருக்குச் சுலபம். கேட்கிறவர்களுக்குத்தானே தெரியும்! கடைத்தெரு திருப்பத்தில் நடராசன் பிரேக்கை மிதித்தால் ஊர்க்கோடியில் களை பறிக்கிறவள் நிமிர்ந்து பார்ப்பாள். வண்டிக்காரர்கள் அந்தச் சத்தம் கேட்டதுமே மாட்டை ஓரங்கட்டிவிடுவார்கள். போன வாரம் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார்கள். உள்ளே பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நடராசன் வாசலில் பிரேக் போட்டார். ஒப்பாரி நின்றுவிட்டது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செத்தவரின் மருமகளே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அம்சாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் பிறந்த வீட்டில் ஆறு மாட்டுவண்டிகள் ஓடின. அந்த வீட்டு வண்டி கத்திக்கொண்டு தெருவில் போனால் மாட்டைப் பட்டினி போட்ட மாதிரி அவமானம். வைக்கோல் கரியில் விளக்கெண்ணெயைக் குழைத்து அச்சுக்கு மசை போடுகிற வேலை சின்ன வயசிலிருந்தே அம்சாவுடையது. சக்கரம் கத்தினால் எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அதிலும் இது பெயரே ஆயில் பிரேக்.

ஆகவே அன்றைக்கு விடிவதற்கு முன்னால் எழுந்து, தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியைக் கழுவி விளக்கெண்ணெய் நிரப்பினாள். நீள மூக்குக் குப்பி. தகட்டு ஓட்டைக்கென்றே செய்த மாதிரி இருந்தது. சக்கரத்துக்கு ஒரு குப்பி, ஓரவஞ்சனை இல்லாமல் விட்டாள். காலையில் நடராசன் காரைப் பின்னால் எடுத்து வாசலில் நிறுத்திப் பார்த்தார். மூச்சு இல்லை. "பாத்தியா, பாய் தேச்சுத் தேச்சு லைனிங்கு படிஞ்சிடுச்சு" என்று சிரித்தார். சாயங்காலம் திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்சாவும் சிரித்தாள். ரயில் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் அம்மணி ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

"எவ்ளோ வுட்டீங்க?" தரையில் உட்கார்ந்தபடியே அமீர் பாட்சா கேட்டார்.

"சக்கரத்துக்கு ஒரு குப்பி."

"நாலுக்குமா?"

"நாலுக்கும்தான் பாய். என்னா ஆச்சு? ஏன் இப்பிடிப் பாக்கறீங்க?"

அவர் தன் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று அழுத்திக் காட்டினார். "அச்சுங்கிறது சுத்தற எடம்மா. அதுக்கு எண்ண வேணும். இது சுத்தறதைப் புடிச்சி நிறுத்தற எடம். புடிக்கிற கையில வெளக்கெண்ணயத் தடவிட்டா என்னாத்தைப் புடிக்கிறது? டப்பாவுல இருக்கிற எண்ண குழாயை வுட்டு வெளிய வரவே கூடாது. ஒரு சொட்டு லைனிங்ல பட்டா நான் லைனிங்கையே மாத்திடுவேன்."

"வாசல்ல நின்னுச்சே பாய். நான் கண்ணால பாத்தனே."

"வாசல்ல நிக்கும். மெதுவாப் போனா நாலு தபா நிக்கும். டிரம்மு சூடானா எண்ண எளகி லைனிங்கு பூரா பரவிடும். அப்புறம் ரெண்டு காலால ஏறி மிதிச்சாலும் நிக்காது."

அம்சாவுக்குக் காது அடைத்துப் போயிற்று. பாயின் வாய் அசைவது தெரிந்தது, வார்த்தை கேட்கவில்லை. அம்மணியின் கை ஜன்னலில் ஆடிக்கொண்டே போனது மட்டும் கண்ணுக்குள் திரும்பத் திரும்ப வந்தது. நான்தான். அந்தக் குழந்தைக்காகத்தான் நல்ல பிரேக் போடச் சொன்னேன், அதைக் கெடுத்ததும் நானேதான். வாசலில் செருப்பைத் தேடினாள். காலடியிலேயே இருந்த செருப்பு அவளுக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்தாள்.

"அங்க இல்லம்மா, இந்தப் பக்கம்! லாரி இந்தப் பக்கம் நிக்குது!" என்று அமீர் பாட்சா பின்னால் கத்தினார்.

டிரங்க் கால் போடலாம்தான். யாருக்குப் போடுவது? ஓடுகிற காருக்கு டெலிபோன் ஏது? அவர் வந்து பழுது பார்த்து முடித்திருந்த லாரி ஒன்றுதான் கதி. அதன் டிரைவர் இருதயராஜ் எதிர்க்கடையில் இட்லி தின்றுகொண்டிருந்தான். விஷயத்தை இரண்டு வார்த்தையில் கேட்டதும், இலையை அப்படியே போட்டுவிட்டு ஈரக் கையோடு ஏறி உட்கார்ந்தான்.

"ஜல்தி இருதயம், ஜல்தி."

"லாரி இதுக்கு மேல போவாது பாய். லோடு இல்லாததே பெருசு."

அம்சா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும், ஒவ்வொரு வண்டியிலும் ஏதாவது தகவல் இருக்கிறதா என்று முகம் முகமாகப் பார்த்தாள். ஓரத்தில் ஆள் கூடி நின்றால் எழுந்து எட்டிப் பார்த்தாள். ஒரு இடத்தில் பெரிய கூட்டம். கிட்டப் போனால், மல்லாட்டைச் செடி பிடுங்க ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும்மா. கியரைக் கொறைச்சு நிறுத்திடுவாரு" என்றார் அமீர் பாட்சா. கொஞ்ச தூரம் போனதும், கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி, "எண்ண படக் கூடாதுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். பிரேக்குல யாராவது எண்ண வுடுவாங்களான்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார்.

கூட்டேரிப்பட்டில் நடராசன் டீ குடிக்காமல் போகமாட்டார். இருதயராஜ் டீக்கடை முன்னால் லாரியை நிறுத்தினான். அம்சா இறங்கவில்லை.

"நடராசன் கார் இங்க நின்னுச்சாங்க?" என்று பாய் கேட்டார்.

"நின்னுச்சே! கதை கேளுங்க பாய்" என்று கடைக்காரர் உற்சாகமாகச் சொன்னார். "எப்பவும் கடைக்கு நேரா நிறுத்துவாரில்ல? இன்னிக்கு அம்பது அடி தள்ளிப் போய் நின்னுச்சு. சிரிச்சிக்கினே ரிவர்ஸ்ல வந்தாரு. வரும்போது ஒரு சத்தம் இல்ல, பாத்துக்குங்க. நான் டீ ஆத்திக்கினு ரோட்டோரம் நிக்கிறேன், கார் வந்ததே தெரியல. கொஞ்சம் விட்டிருந்தா என் காலு போயிருக்கும். டீ குடிச்சாரு, பாப்பா பன்னு தின்னுச்சு, அறுவடைக் கதை பேசிக்கினு இருந்துட்டு இப்பதான் போனாரு. கால் மணி நேரம் இருக்கும்."

ஐம்பது அடி. அம்சா அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வீட்டு வாசலிலிருந்து மாட்டுக் கொட்டாய் வரைக்கும் ஐம்பது அடி இருக்கும். ஐம்பது அடி தள்ளிப் போய் நின்ற காரைப் பார்த்துச் சிரிக்கிற மனுஷனையா கட்டிக்கொண்டோம்! அவர் மேல் கோபம் வந்தது. கோபம் வந்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. அவருக்கு என்ன தெரியும்? கார் வழுக்கினதற்கு விளக்கெண்ணெய்தான் காரணம் என்று எந்த மனுஷன் கனவு காண்பான்?

விக்கிரவாண்டி தாண்டியாயிற்று. கார் இல்லை. விழுப்புரம் போய்ச் சேர்ந்திருப்பார்கள், ரயிலடியில் அம்மணி எஞ்சினுக்குக் கை காட்டிக்கொண்டிருப்பாள் என்று அம்சா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னும் நாலைந்து மைல்தான் பாக்கி. அப்போதுதான் ரயில்வே கேட் தெரிந்தது. கேட் மூடியிருந்தது. அதற்கு முன்னால் வரிசையாக மாட்டுவண்டிகள். சாலைக்கு இடது பக்கம், வயலில் குவித்திருந்த மல்லாட்டைக் கொடிப் போருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கறுப்பு ஃபோர்டு நின்றது.

லாரி நிற்பதற்கு முன்பே அம்சா குதித்தாள். அம்மணி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் யாரோ ஈரத்துணி கட்டியிருந்தார்கள். துணியில் ரத்தம். ஆனால் கண் திறந்திருந்தது. "அம்மா, கார் நிக்கவே இல்லம்மா" என்றாள். அம்சா அவளை வாரி எடுத்துத் தலை, கை, கால் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. அவளுக்கு மூச்சு அப்போதுதான் வந்தது.

வந்த மூச்சு பாதியில் நின்றது. சாலையோரத்துப் புளியமரத்தடியில் ஒரு பெண்ணைப் படுக்க வைத்திருந்தார்கள். நாற்பது வயசு இருக்கும். வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. சுற்றிலும் வெள்ளரிப்பிஞ்சு நசுங்கிக் கிடந்தது. கேட்டில் நிற்கிறவர்களுக்குப் பிஞ்சு விற்கிற வெள்ளையம்மாள் என்று யாரோ சொன்னார்கள். வண்டிகள் மேல் மோதாமல் இருக்க நடராசன் காரை வயலுக்குள் திருப்பியிருக்கிறார். திருப்பிய இடத்தில் அவள் கூடையோடு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பளீரென்று ஓர் அறை விழுந்த சத்தம் கேட்டு அம்சா திரும்பினாள்.

நடராசன் உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தமும் புழுதியுமாக நின்றார். அவருடைய ஒரு கை அமீர் பாட்சாவின் கழுத்துத் துணியைப் பிடித்திருந்தது. "சோழவரம் லைனிங்காய்யா? பந்தயத்துல போடறதாய்யா? எம்பொண்ணு செத்திருப்பாளேய்யா!" என்று கத்தினார். இன்னொரு அறை. சுற்றி நின்ற வண்டிக்காரர்களும், "போடுங்க அந்தாளை" என்று நெருங்கினார்கள். கேட்டில் காத்து நின்ற ஏட்டு சீனுவாசன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து விலக்கினார்.

"இவருதாங்க மெக்கானிக்கு. இவரு போட்ட பிரேக்குதான். எழுதிக்குங்க" என்றார் நடராசன்.

அமீர் பாட்சாவின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அவர் தன்னைப் பார்ப்பார் என்று அம்சா எதிர்பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, நசுங்கிக் கிடந்த வெள்ளரிப்பிஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரை வுடுங்க" என்றாள் அம்சா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அவரை வுடுங்க! நான்தான் பண்ணேன். சத்தம் போவணும்னு நான்தான் பிரேக்குல வெளக்கெண்ண ஊத்துனேன்."

வண்டிக்காரர்களில் ஒருவன் சிரித்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"பயத்துல என்னமோ ஒளர்றாங்க" என்றார் ஏட்டு. இருந்தாலும் காரின் பக்கம் போய்க் குனிந்து, சக்கரத்தின் பின்பக்கம் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். "ஆமா, வெளக்கெண்ண வாசனதான் அடிக்குது."

முடிந்தது, இனி பாயை விட்டுவிடுவார்கள் என்று அம்சா நினைத்தாள். நடராசன் அவள் முகத்தையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. காலையில் பிரேக் சத்தமில்லாமல் நின்றதும், அவள் சிரித்த சிரிப்பும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகத்தில் இருந்த கோபம் வடிந்து வெளுத்துப் போயிற்று. இனி அவரே சொல்லிவிடுவார்.

அவர் சொன்னார். "பிரேக் ஆயிலுக்கே அந்த வாசனைதாங்க ஏட்டய்யா. வெளக்கெண்ணயிலதான் செய்யறாங்க. குழாயில கசிஞ்சி லைனிங்ல எறங்கியிருக்குது. மெக்கானிக்கு சரியா முடுக்கல."

அம்சாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அவளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "வாயை மூடிக்கினு இரு" என்றார், கெஞ்சுகிற குரலில். "அந்தப் பொம்பளை பொழைக்குதோ இல்லையோ. உன்னை ஸ்டேசனுக்கு இட்டுக்கினு போனா நம்ம குடும்பம் என்னாத்துக்கு ஆவும்? பாய்க்கு நான் வக்கீல் வெச்சிப் பாத்துக்கறேன். அவருக்கு ஒரு கொறையும் வராது. அம்மணியைப் பாரு, அம்சா. அவளைப் பாத்துக்கினு சும்மா இரு."

எட்டு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன். சாவு வீட்டில் எல்லோரும் சிரித்தபோதுகூட, அவள் முகம் வாடியதைப் பார்த்துத் தானும் சேர்ந்து சிரிக்காமல் இருந்தவர். பிரேக் பிடிக்காது என்று பாய் சொன்னபோது பட்டதைவிட இது அம்சாவுக்குப் பெரிய அடியாக இருந்தது. இத்தனை அன்பாகவும் ஒருவர் இத்தனை பெரிய பொய்யைச் சொல்ல முடியுமா? அவர் காப்பாற்றுவது தன்னைத்தான் என்று தெரிந்தபோது உடம்பு கூசியது. சும்மா இருந்தால் போதும். எல்லாம் தானாக நடந்துவிடும். யாரும் தன்னை ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை.

அவள் அம்மணியை வரப்பில் உட்கார வைத்துவிட்டுக் காரின் முன்பக்கம் போனாள். கொடியை இரண்டு கையாலும் வாரி வாரிப் போட்டாள். பானெட்டைத் தூக்க முடியவில்லை. இருதயராஜ் வந்து ஒரு கை கொடுத்தான்.

"ஏட்டய்யா, இங்க வந்து பாருங்க" என்றாள். டப்பாவின் மூடியைத் திருகிக் கழற்றினாள். அதை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. "பிரேக்கு ஆயிலு இதுலதான் இருக்குது. குழாயில கசிஞ்சிருந்தா இது கொறைஞ்சிருக்கணும். மாசாமாசம் பாய் எனக்குக் காட்டியிருக்காரு. பாத்துக்குங்க, கோடு வரைக்கும் அப்பிடியே நிக்குது. சக்கரத்துல வழியறது இது இல்ல. நான் ஊத்துனது. தையல் மிஷின் குப்பி வூட்டுல கெடக்குது, வந்து எடுத்துக்குங்க."

ஏட்டு குனிந்து பார்த்தார். வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எண்ணெய் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. நடராசன் மட்டும் வந்து பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே கையைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மூடியைப் போட்டுடுங்கம்மா. மண்ணு வுழும்" என்றார் அமீர் பாட்சா. அங்கே வந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஏட்டு பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்தார். "பேரு சொல்லும்மா" என்றார். அம்சா தன் பேரையும் ஊரையும் சொன்னாள். முதலில் அடிபட்டவளை ஆஸ்பத்திரியில் சேர்க்கட்டும், மற்றதை அங்கே வந்து எழுதிக்கொள்கிறேன் என்றார் அவர்.

வெள்ளையம்மாளை லாரியில் ஏற்றினார்கள். பின்னால் வைக்கோலைப் பரப்பி, அமீர் பாட்சா தன் பையிலிருந்த வண்டி ஸ்பிரிங்கில் போடுகிற இரண்டு நீளமான லீஃப் பட்டைகளை வைத்து அவள் காலைக் கட்டினார். அம்சா ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மணி ஒட்டி உட்கார்ந்தாள். வலியில் வெள்ளையம்மாள் அம்சாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் உள்ளே இறங்குகிற அளவுக்கு. இவள் யார் என்று அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிற யாரோ ஒரு புண்ணியவதி என்று நினைத்திருப்பாள்.

"அந்தக் காரு எனக்கு நல்லாத் தெரியும்மா" என்றாள் வெள்ளையம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "வாரத்துக்கு ரெண்டு வாட்டி இந்த வழியா வரும். தூரத்துல வரும்போதே கத்திக்கினு வரும். அது கத்துனா நான் கூடையைத் தூக்கிக்கினு ஒதுங்கிப்பேன். இன்னிக்கு ஏம்மா அது கத்தல?"

ஏட்டிடம் சொன்னது எவ்வளவு சுலபம் என்று அம்சாவுக்கு இப்போதுதான் தெரிந்தது. அங்கே சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், காப்பாற்ற ஒரு மனுஷர் இருந்தார், காட்டுவதற்கு ஒரு டப்பா இருந்தது. இங்கே ஒன்றும் இல்லை. மடியில் ஒரு தலை மட்டும் இருந்தது.

"நான்தான் அந்தக் காருக்காரரு பொஞ்சாதி" என்றாள். "அது கத்துனது எனக்கு வெக்கமா இருந்துச்சி. எண்ண வுட்டா நின்னுடும்னு நான்தான் வுட்டேன். சத்தம் நின்னுடுச்சி, பிரேக்கும் போயிடுச்சி."

வெள்ளையம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். வைவாள் என்று அம்சா காத்திருந்தாள். வைதிருந்தால் தேவலை. அவள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

தாமதமாக வந்த ரயில் போய் முடிந்து ஒருவழியாகக் கேட் திறந்தது. இருதயராஜ் எவ்வளவு மெதுவாக ஓட்டியும் தண்டவாளத்தின் மேல் லாரி குலுங்காமல் இருக்குமா? வெள்ளையம்மாள் அலறினாள். அலறிக்கொண்டே, கண்ணை மூடியபடி, எட்டின கையைத் துழாவிப் பிடித்தாள். அது அம்சாவின் கைதான். விழுப்புரம் வரும்வரை அதை அவள் விடவில்லை.